எங்கள் முதியோர் இல்லம்: போனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் நாலைந்து போன் வருகிறது. கேட்பவர்கள் வேறு, கேள்விகள் அதே கேள்விகள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பதில் சொல்லப்போய் போன வாரம் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, சமையல் அக்கா என்னோடு பேசவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதைப் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், காலை 10 மணிக்கு மேல்.

இல்லம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள்?

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில், ஒட்டன்சத்திரம் வருவதற்கு முன்னால் பிரிகிற ஒரு கிளைச்சாலையில் உள்ளே வர வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன்னுடைய தோட்டத்து வீட்டை விட்டுக்கொடுத்ததில் தொடங்கியது. இப்போது 19 பேர், அதில் 12 பேர் பெண்கள். வேலைக்கு நான், சமையல் அக்கா, பகலில் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், ராத்திரிக்கு ஒருவர். அவரை வாட்ச்மேன் என்கிறோமே தவிர, ராத்திரி பாத்ரூம் போகிறவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. திருடன் வந்தால் எடுத்துப்போக இங்கே என்ன இருக்கிறது, முருங்கைக்காயைத் தவிர.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறோம். எந்த இல்லத்துக்குப் போனாலும் அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலு மணிக்கே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். காட்டு வேலைக்குப் போய்ப் பழகிய உடம்பு, வேலை நின்று பத்து வருஷமானாலும் அந்த நேரத்துக்குக் கண் தானாக விழித்துக்கொள்ளும். காப்பியோ ஐந்தரைக்குத்தான். நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்த வீட்டில் ரொம்ப நீளமான நேரம். வந்த புதிதில் "படுங்க, இன்னும் விடியல" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு அப்பத்தா, "விடியாட்டி என்னத்தா, வெளக்கமாத்தக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய் வாசலைக் கூட்டத் தொடங்கினார். அதிலிருந்து வாசல் கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, கோலம் எல்லாம் அவர்கள் பாடு. யார் புள்ளி வைப்பது, யார் இழை இழுப்பது என்பதில் எங்களுக்குத் தெரியாத ஒரு முறை ஓடுகிறது, தலையிட்டால் திட்டு விழும்.

எட்டு மணிக்கு டிபன், கூடவே மாத்திரை. பத்து மணி வாக்கில் திண்ணையில் வேலை: முருங்கைக்கீரை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, கல் பொறுக்குவது. முடிந்தவர்கள் செய்வார்கள், முடியாதவர்கள் உட்கார்ந்து குறை சொல்வார்கள், இரண்டுமே நடக்க வேண்டும். "வயசானவங்கள வேலை வாங்குறீங்களா?" என்று ஒரு மகன் என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவருடைய அம்மாவே, "போடா, சும்மா ஒக்காந்து திங்கறதுக்கு நான் என்ன சீக்காளியா?" என்றுவிட்டார்.

மதியச் சாப்பாடு, தூக்கம், மூன்றரைக்கு டீ. நாலரைக்கு மேல் எல்லோரும் கேட்டுப் பக்கம் வந்துவிடுவார்கள், ஏனென்றால் அப்போதுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மினி பஸ்ஸும் வரும். ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, அப்புறம் சீரியல், எட்டரைக்கு விளக்கு அணையும். தைப்பூசம் நெருங்கினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திண்டுக்கல் சாலையில் ராவும் பகலுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். விடியற்காலைக் குளிரில் சாலையோரம் ஒரு மேசை போட்டுச் சுக்குக் காப்பி கொடுப்போம். எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து டம்ளரை நீட்டுவார்கள். வருஷம் முழுக்க மற்றவர்கள் கொடுத்து இவர்கள் வாங்குகிறார்கள். அந்த நாலு நாள் மட்டும் கை மாறும். மூட்டுவலி, முதுகுவலி என்று அந்த நாலு நாளும் ஒருவர் வாயிலிருந்தும் வராது.

சாப்பாடு எப்படி? அம்மாவுக்குப் பல் இல்லை, சர்க்கரை வேறு இருக்கிறது.

பல் இல்லாதவர்கள் 11 பேர், சர்க்கரை உள்ளவர்கள் 9 பேர், இரண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. காலையில் இட்லி, அல்லது கேழ்வரகுக் கஞ்சி. மதியம் சோறு கொஞ்சம் குழைவாக, பருப்பு, கீரை மசியல், ரசம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பதால் காய்க்குப் பஞ்சமில்லை, முருங்கைக்காய் சீசனில் "இன்னைக்குமா?" என்று அழாத குறைதான். பல் இல்லாதவர்களுக்கு முருங்கைக்காயை வேகவைத்து வழித்து, அந்தச் சதையைக் குழம்பில் கலந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை முட்டை, மாதம் இரண்டு தடவை கோழி, அதுவும் எலும்பு எடுத்தது.

சர்க்கரைக்காரர்களிடம் கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஏறும். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரமே ஏறும். அதனால் களியாகவோ அடையாகவோ கொடுக்கிறோம், அளவாக. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுவதே கிடையாது. மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாத ஒரு தாத்தாவுக்கு ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சட்டையெல்லாம் நனைகிற அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்கிறார். குத்திப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, அப்புறம் இரண்டு இட்லி. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும், 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். உங்கள் வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் இருந்தால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லத்தில் சேர்க்கிறீர்களோ இல்லையோ.

வெற்றிலை, பீடி எல்லாம் விடுவீர்களா?

வெற்றிலைக்குத் தடை இல்லை. புகையிலையை விடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது வாய்க்குள் புண் வெள்ளைத்திட்டு இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிற்கிறேன். பல் போனவர்கள் எப்படிப் பாக்கு மெல்லுவார்கள் என்று சின்ன வயசுக்காரர்கள் கேட்கிறார்கள். மெல்ல மாட்டார்கள், இடிப்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இரும்பு உரல், விரல் நீளத்துக்கு ஒரு உலக்கை. மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் பக்கத்து அறையில் ஐந்தாறு உரலும் சேர்ந்து டொக் டொக்கென்று கேட்கும், ஒவ்வொருவர் உரலுக்கும் ஒரு சத்தம். ஒரு நாள் ஒரு சத்தம் குறைந்தால் போய் எட்டிப் பார்ப்பேன். காய்ச்சலா, மனஸ்தாபமா, பாக்குத் தீர்ந்துபோனதா என்று.

பீடி வெளியே வேப்பமரத்தடியில் மட்டும். கட்டிலில் பிடித்துப் போர்வை கருகிய கதை இங்கே ஒன்று உண்டு. சாராயம் கிடையாது.

அப்பா வர ஒத்துக்கொள்ள மாட்டார். ரெண்டு நாளில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி விட்டுவிட்டு வரலாமா?

வேண்டாம். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்துகிற ஒரே கேள்வி இதுதான், இப்படிக் கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதும் தெரியும்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்", "கோயிலுக்குப் போறோம்", "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், அது வரைக்கும்" என்று எத்தனை வகைப் பொய்யைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. வெள்ளையடிப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து விட்ட ஒருவர், வந்த அன்று பையைப் பிரிக்கவே இல்லை. வேட்டி ஒன்று கட்டியிருப்பது, ஒன்று கொடியில், மீதி பையில். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "வெள்ளையடிச்சா காயறதுக்கு நாளாகும்ல" என்று அவரே எங்களுக்குச் சமாதானம் சொல்வார். இது நாற்பது நாள் நடந்தது. நாற்பத்தோராம் நாள் கேட்டுக்குப் போகவில்லை, சாப்பாட்டுக்கும் வரவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாப்பாடு, கட்டில், கூட இருக்கிறவர்கள் எதுவும் அவரைப் புண்படுத்தவில்லை. தன்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றிவிட்டார்கள் என்பதை மட்டும்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் அழுவார், திட்டுவார், "உங்களைப் பெத்ததுக்கு" என்று தொடங்குவார். ஒரு நாள், இரண்டு நாள். சொல்லிவிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் ஒரு மாதத்தில் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாமி படம் மாட்டிவிடுகிறார்கள். ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் வருஷம் கழித்தும் ஆணி அடிக்க விடுவதில்லை. முடிந்தால் முதலில் ஒரு தடவை சும்மா கூட்டிவந்து காட்டுங்கள், ஒருவேளை சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

ஆதார், மருத்துவச் சீட்டுகள், இரண்டு போட்டோ, மாற்றுத்துணி. அதெல்லாம் எல்லோரும் கொண்டுவருவார்கள். விட்டுவிடுவது என்ன என்றால், அவர்கள் பழகிய சாமான். பழைய டம்ளர், தலையணை, டிரங்குப் பெட்டி, கைத்தடி. "புதுசா வாங்கிக்கொடுத்துட்டோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் புதுத் தலையணை முதுகுக்கடியில் போய்விடும், தலைக்கு மடித்த சேலைதான். பெட்டியைப் பூட்டிச் சாவியை அவர்களே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு ஊர்க்காரர்கள் நாங்கள், சாவியின் அருமை தெரியும். நகை மட்டும் வேண்டாம், மூக்குத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

ஆரம்ப சுகாதார நிலையம் கிட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்காக எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற பாடு பெரும்பாலும் குறைந்தது, ஊழியர் வந்து பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

எங்களுக்குப் பெரிய பயம் விழுவதுதான். பாத்ரூமில் சொரசொரப்பான தரை, கைப்பிடிக் கம்பி, ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு. இருந்தும் விழுகிறார்கள், ஏனென்றால் கம்பியைப் பிடிப்பதற்குப் பதிலாக வாளியைப் பிடிப்பார்கள். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள், அதைத்தான் முதலில் பழக வேண்டும். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு போயிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

படுத்த படுக்கையாக இப்போது இரண்டு பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்கிறோம், கட்டில் காலில் ஒரு நோட்டுக் கட்டித் தொங்குகிறது, திருப்பியவர் நேரத்தையும் வலமா இடமா என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புட்டத்துக்கு மேலே, குதிகாலில் லேசாகச் சிவந்தாலே படுக்கைப் புண்ணின் தொடக்கம். வந்து பார்ப்பவர்கள் முதலில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம், என் முகத்தைப் பார்ப்பதைவிட அது நல்லது.

மறதி நோய் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா?

ஆரம்பக் கட்டம் என்றால் சரி. கதவைத் திறந்துகொண்டு ராத்திரியில் கிளம்புகிற நிலை வந்துவிட்டால் எங்களால் முடியாது, அதற்கென்று ஆள்பலம் உள்ள இடம் வேண்டும்.

இப்போது ஒரு அம்மாயி இருக்கிறார். பகலெல்லாம் நோய் இருப்பதே தெரியாது, சாதாரணமாக இருப்பார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சேலை இரண்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், நான் போறேன்" என்று கிளம்பிவிடுவார். மாடு விற்று இருபது வருஷமாகிறது. மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலத்தில்தான் இப்படித் தவிப்பு ஏறும். முதலில் நாங்கள் "மாடு ஏது அம்மாயி, வித்தாச்சுல்ல" என்று சொல்லிப் பார்த்தோம். தினமும் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல அழுதார், விற்றது யாரென்று கேட்டுக் கேட்டு அழுதார். அதை நிறுத்திவிட்டோம். பொய் சொல்லாதீர்கள் என்று மேலே அவ்வளவு பேசியவள், இங்கே மாடு கட்டியாச்சு என்று சொல்லலாமா என்று எனக்கே உறுத்தல். அதனால் கூடவே கேட்வரைக்கும் நடந்து, "மாட்டுக்கு என்ன பேரு அம்மாயி?" என்று கேட்பேன். பெயர் சொல்வார், சுழி சொல்வார், எந்தக் காலால் உதைக்கும் என்று சொல்வார். திரும்பி வரும்போது மூட்டை என் கையில் இருக்கும்.

மாதம் எவ்வளவு?

கட்ட முடிந்தவர்களுக்கு 9,000. எட்டுப் பேர் கட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு இல்லை, அல்லது முடிந்தது. யார் கட்டுகிறார்கள் என்பது எனக்கும் கணக்கு நோட்டுக்கும் மட்டும் தெரியும், தட்டில் வித்தியாசம் கிடையாது. முன்பணம் வாங்குவதில்லை. மொத்தமாக ஐந்து லட்சம் பத்து லட்சம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அப்படிக் கேட்கிற இடங்களில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பத்துத் தடவை படியுங்கள்.

உதவித்தொகை, பென்ஷன் எல்லாம் இங்கிருந்தே வாங்க முடியுமா?

முடியும். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆனது. வங்கி முகவர் கைரேகை மெஷினோடு இங்கேயே வருவார். சிக்கல் என்னவென்றால் ரேகை விழாது. நாற்பது ஐம்பது வருஷம் களை பறித்து, வெங்காயத்தாள் அறுத்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் கத்தும், அவர் "தலையில தேய்ச்சுட்டு வைங்க பாட்டி" என்பார். தலை எண்ணெய் பட்டதும் சில சமயம் விழும். கட்டைவிரல், ஆள்காட்டி, மோதிரவிரல் என்று பத்தும் வைத்துப் பார்த்து, கடைசியில் சுண்டுவிரலில் விழுந்த ஒரு பாட்டி, அந்தச் சுண்டுவிரலை இப்போது தரையில் ஊன்றுவதே இல்லை.

அரசுப் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ்ச் சான்று. மத்திய அரசு பென்ஷன் என்றால் நவம்பரில். தபால்காரர் வந்து எடுத்துக்கொடுக்கிறார், ரேகை விழாதவர்களுக்கு செல்போனில் முகத்தைக் காட்டிச் செய்கிற வசதியும் இருக்கிறது. நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நாமே நிரூபிப்பதா என்று ஒரு தாத்தா வருஷாவருஷம் கேட்பார், அப்புறம் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அறுபது வயது ஆனவர், தன் வருமானத்தில் பிழைக்க முடியவில்லை என்றால், பிள்ளைகள் மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம், 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது.

சொத்துக்கு 23-ஆம் பிரிவு. கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்து, அவர்கள் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாதென்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. இனிமேல்தான் செட்டில்மென்ட் எழுதப்போகிறீர்கள் என்றால், சாப்பாடு, தங்க இடம், மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "நம்ம புள்ளதான, அதெல்லாம் எதுக்கு" என்று சொன்னவர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். யோசனை கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, காசில்லை.

இதெல்லாம் சொன்னாலும் முக்கால்வாசிப் பேர் மனுக் கொடுப்பதில்லை. மகனைத் தாசில்தார் ஆபீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று இழுக்க மனசு வராது. அவர்களை நான் வற்புறுத்துவதும் இல்லை.

எங்கள் ஆட்களாக இருக்கிற ரூம் கிடைக்குமா? சமைப்பது யார்?

காலியாக இருக்கிற கட்டில் கிடைக்கும். சமைப்பது ஒரு அக்கா, நன்றாகச் சமைப்பார்.

உள்ளே எல்லாம் ஒன்று என்று கதை விட மாட்டேன். ஒரு அப்பத்தா மூன்று வருஷமாகத் தனிச் செம்பில்தான் தண்ணீர் குடிக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை. ஆனால் ராத்திரி கால் குடைச்சல் எடுத்தால் பிடித்துவிடச் சொல்லிக் கூப்பிடுவது பக்கத்துக் கட்டில்காரரை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சண்டை வருமா?

தினமும். பேனுக்காக, சீரியலுக்காக, கொடியில் யார் துணி முதலில் என்பதற்காக. தாத்தாக்கள் பேப்பருக்காக. யாரும் சண்டை போடாத நாளில்தான் எனக்குக் கவலை.

பிறந்தநாளுக்கு, திதிக்கு ஒருவேளை சாப்பாடு போட வரலாமா?

வாருங்கள், ஆனால் முன்னாலேயே சொல்லிவிட்டு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஒரே மதியத்துக்கு மூன்று குடும்பம் வந்து நிற்கும், மூன்று அண்டா சாம்பார். அடுத்த நாள் வழக்கம்போல நாங்கள்தான். எல்லோரும் கேசரி, ஜாங்கிரி, பாயசம். சாப்பிட வேண்டாம் என்று நான் தடுத்தால் கொடுக்கிறவர்களுக்கும் வருத்தம், வாங்குகிறவர்களுக்கும் என் மேல் கோபம், ராத்திரி சர்க்கரை 350 காட்டும்போது மட்டும் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள்.

உண்மையில் தேவை என்ன என்று கேட்டால்: பெரியவர்களுக்கான டயப்பர், ரப்பர் ஷீட், பருத்தி நைட்டி, நல்லெண்ணெய், டார்ச்சுக்கு பேட்டரி. அல்லது உங்கள் கைவேலை. பக்கத்து ஊர் சலூன்காரத் தம்பி ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து முடிவெட்டுகிறேன் என்றார். அவருக்குக் கடை லீவு செவ்வாய்க்கிழமை. "செவ்வாக்கெழம எவனாச்சும் தலைல கத்தி வைப்பானா?" என்று ஏழு தாத்தாவும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். பாவம், இப்போது திங்கட்கிழமை விடியற்காலையில் வந்து, வெட்டிவிட்டுப் போய்க் கடையைத் திறக்கிறார்.

கேக்கை வாயில் ஊட்டி போட்டோ எடுப்பது மட்டும் வேண்டாம். கை நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு ஊட்ட வேண்டும்?

ஓட்டுப் போட விடுவீர்களா?

முகவரியை இந்த ஊருக்கு மாற்றியவர்களைக் கூட்டிப்போகிறோம். படிவம் 8 கொடுத்தால் மாறும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலிருந்தே போடலாம் என்றிருந்தது, படிவம் 12டி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இங்கே ஒருவருக்கு அதிகாரிகள் வந்து அட்டைத் தடுப்பு வைத்து வாக்கு வாங்கினார்கள். வந்தவர்கள் போன பிறகு, "என்னத் தேடி வந்து ஓட்டு வாங்கிட்டுப் போனாங்கல்ல, அது போதும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இறந்துவிட்டால்?

சேர்க்கும்போதே ஒரு படிவத்தில் கேட்கிறோம்: முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், கண் கொடுக்கச் சம்மதமா. பிள்ளைகள் இந்தப் பக்கத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடமே கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள், எந்தச் சேலை என்பது வரைக்கும். கண்தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது. ஊராட்சிப் பகுதி என்பதால் இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம், வி.ஏ.ஓ.விடம், 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதை நாங்கள் செய்துவிடுகிறோம்.

பிள்ளைகள் வந்துசேர நேரமானால் குளிர்பெட்டி வரவழைத்து வைத்திருப்போம். வரவே மாட்டார்கள் என்றால் வாட்ச்மேன் அண்ணன் கொள்ளி வைப்பார். இதுவரை நாலு பேருக்கு வைத்திருக்கிறார். அடுத்த நாள் அவருக்கு லீவு, நாங்கள் எழுதாத ஒரு விதி அது.

எப்போது வந்து பார்க்கலாம்?

எந்த நாளும், காலை 10 முதல் சாயங்காலம் 6 வரை. மினி பஸ்ஸில் வந்தால் 10.20-க்கு இறங்கலாம், திரும்ப 12.45, அப்புறம் 4.50.

வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் வருவதாகச் சொன்னால் ஒரு தாத்தா காலை ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுப் பக்கம் நாற்காலி போட்டுவிடுவார், கசங்கிவிடும் என்று சாய்ந்துகூட உட்கார மாட்டார், டிபனும் வேண்டாம் என்பார், மகனோடு சேர்ந்து சாப்பிடுவாராம். வர முடியாமல் போவது யாருக்கும் நடக்கும், தப்பில்லை. இதற்கு மட்டும் பத்து மணிக் கணக்குக் கிடையாது, எட்டு மணிக்குள் ஒரு போன் பண்ணிவிடுங்கள். சட்டையைக் கழற்றி மறுபடி மடித்து வைத்துவிட்டுச் சூட்டோடு இட்லி சாப்பிடுவார்.